லத்தீனும் தெரியாது, கலை வரலாற்றுப் பட்டமும் இல்லை. இங்கிருந்தே இடைக்கால ஐரோப்பாவின் சங்கீதச் சுவடிகளின் (பைபிளின் சங்கீதப் பாடல்களைக் கையால் எழுதி வைத்த புத்தகங்கள்) ஓவியங்களைப் படிக்க முடியுமா?

முடியும். "பட்டமும் இல்லை" என்று தயங்கிக் கேட்டிருக்கிறீர்களே, அதைப் பார்த்துத்தான் எழுத உட்கார்ந்தேன். பட்டம் வாங்கியவள் நான். அதை வாங்கப் போன இடத்தில் 14 பேர் முன்னால் அசடு வழிந்த கதை ஒன்று இருக்கிறது.

நீங்கள் பகலில் வேறு ஏதோ வேலை பார்த்துவிட்டு, ராத்திரி போனில் சுவடிப் படங்களை விரலால் பெரிதாக்கிப் பார்க்கிற ஆள் என்று நினைக்கிறேன். "இதப் படிச்சு என்ன ஆகப் போகுது" என்று வீட்டில் ஒருவராவது கேட்டிருப்பார். என்னையும் கேட்டார்கள். இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

எனக்குத் திருநெல்வேலிப் பக்கம், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கிறிஸ்தவக் குடும்பம். ஆச்சி எங்களை வரிசையாக உட்கார வைத்துச் சங்கீதம் ஒப்பிக்கச் சொல்வாள். தப்பில்லாமல் சொன்னால் ஒரு அச்சு முறுக்கு. எட்டு வயதுக்குள் நாற்பது, ஐம்பது சங்கீதம் மனப்பாடம். வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் முதுகலை சேர்ந்தபோது உத்ரெக்ட் சங்கீதச் சுவடியை நான் எடுத்துக்கொண்டதற்கு இந்தத் தைரியம்தான் காரணம்.

அந்தச் சுவடி சுமார் 820க்கும் 835க்கும் இடையில், பிரான்சில் ரெய்ம்ஸ் நகரத்துக்குப் பக்கத்திலுள்ள ஓத்வில்லேர் மடத்தில் உருவானது என்பது பெரும்பாலோர் கருத்து. இப்போது நெதர்லாந்தில் உத்ரெக்ட் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. 166 படங்கள். தங்கமில்லை, வண்ணமில்லை, பழுப்பு மையில் பேனாக் கோடுகள், அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு கோடும் துடிக்கும். காற்றில் மனிதர்களின் உடையெல்லாம் பறந்துகொண்டே இருக்கும்.

கருத்தரங்கில் ஒரு படத்தை விளக்க வேண்டும். என் கையில் இருந்தது கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ், மேலே 43 என்று எண். படத்தின் உச்சியில், வானத்தில் ஒரு கட்டில். அதில் ஒருவர் படுத்திருக்கிறார். சுற்றிலும் தேவதூதர்கள். நான் தமிழ் பைபிளில் 43ஐப் புரட்டினேன். "என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்?" சரி, கிடைத்துவிட்டது! கலக்கத்தில் தூக்கம் வராமல் படுத்திருக்கும் தாவீது, ஆறுதல் சொல்ல வந்த தூதர்கள். இருபது நிமிடம் பேசினேன். தூக்கமின்மை பற்றி ஒரு பத்தி வேறு.

பாடம் எடுத்த மேடம் கடைசிவரை குறுக்கிடவே இல்லை. முடித்ததும் ஒரே கேள்வி: "எந்த எண் வரிசைப்படி 43?"

சுவடி லத்தீனில் எழுதியது. லத்தீன் சங்கீதத்தில் நம் தமிழ் பைபிளின் 9ம் 10ம் சேர்ந்து ஒன்று. அதனால் அங்கிருந்து பெரும்பாலும் ஓர் எண் பின்தங்கியே போகும். நடுவில் நம் 114ம் 115ம் சேர்ந்துகொள்ளும், 116 இரண்டாகும். நம் 147ம் இரண்டாகப் பிரிவதால் 148லிருந்து கணக்கு சரியாகிவிடும். ஆக, சுவடியின் 43 நம் 44. அதில் என்ன இருக்கிறது? "ஆண்டவரே, விழித்துக்கொள்ளும்; ஏன் நித்திரைபண்ணுகிறீர்?" கட்டிலில் படுத்திருந்தவர் கர்த்தர். தூதர்கள் அவரை எழுப்புகிறார்கள். அந்த வசனத்துக்கு ஆச்சியிடம் முறுக்கு வாங்கியவள் நான். கட்டிலைப் பார்த்ததும் அது காதில் விழுந்திருக்க வேண்டாமா?

உங்களுக்கு நான் சொல்ல வருவது இதுதான். இந்தச் சுவடியை வரைந்தவர்கள் வசனத்தைச் சொல்லுக்குச் சொல் படமாக்கினார்கள். எண்ணைச் சரிபார்த்துக்கொண்டு, வசனம் வசனமாகப் படித்து, இது படத்தில் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். நம் 64ஐ எடுங்கள். துன்மார்க்கர் நாவைப் பட்டயம்போல் கூராக்குகிறார்கள் என்று வரும். சுவடியில் அது 63. ஓரிடத்தில் ஒருவன் கைப்பிடியைச் சுழற்ற, உருண்டைக் கல் சுற்ற, இன்னொருவன் வாளை அதில் பிடித்திருப்பான். நம் தெருவில் சாணை பிடிக்க வருவாரே, அதே வேலை. கைப்பிடி வைத்த சாணைக்கல்லுக்கு ஐரோப்பாவில் கிடைத்த மிகப் பழைய படங்களில் இது ஒன்று. தொழில்நுட்ப வரலாறு எழுதுகிறவர்களும் இந்தப் பக்கத்தைத் தேடி வருகிறார்கள்.

உடனே "அப்போ லத்தீன் வேண்டாம் என்கிறாயா" என்று சண்டைக்கு வராதீர்கள். அப்படிச் சொல்லவில்லை. நம் 12இன் கடைசி வசனத்தில் துன்மார்க்கர் "எங்கும் சுற்றித்திரிவார்கள்" என்று இருக்கிறது. படத்திலோ சிலர் ஒரு மரச்சுழலியின் கைகளைத் தள்ளிக்கொண்டு செக்குமாடு மாதிரி வட்டமடிக்கிறார்கள். லத்தீனில் 'வட்டமாக நடக்கிறார்கள்' என்று இருப்பதால் வந்த படம் அது. தமிழை மட்டும் வைத்துக்கொண்டு இதைப் பிடிக்க முடியாது. ஆகவே பக்கத்தில் ஒரு லத்தீன் அகராதி இருக்கட்டும். இலக்கணம் மெதுவாக வரும்.

உத்ரெக்ட் பல்கலைக்கழகம் முழுச் சுவடியையும் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. எந்த உருவம் எந்த வசனத்துக்கு என்று குறிப்பும் உண்டு. எனக்கு அப்போது இது தெரியாது. எங்கள் நூலகத்தில் இருந்த நகல் பதிப்போ கண்ணாடி பீரோவுக்குள். சாவி ஒரே ஒருவரிடம். அவர் மெடிக்கல் லீவில் இருந்தார். லீவு முடிந்து வந்தவர், துறைத் தலைவரின் கடிதம் கேட்டார். கடிதம் கொண்டுபோனால் முத்திரை இல்லை என்றார். முத்திரை வாங்கி வந்தபோது மறுபடி லீவு. படிக்கத்தானே புத்தகம்? பூட்டி வைத்து யாருக்குக் காட்டப் போகிறார்கள்? இதை எழுதும்போதுகூட எரிச்சல் வருகிறது. சரி, விடுங்கள்.

உத்ரெக்ட் கைவந்த பிறகு, அதையே பார்த்து இங்கிலாந்தின் கேன்டர்பரியில் தொடங்கிய மூன்று சுவடிகளுக்குப் போங்கள்: 1000ஆம் ஆண்டையொட்டி ஆரம்பித்த ஹார்லி, 1155–60 வாக்கிலான எட்வின், 12ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த பாரீஸ் சுவடி. பழுப்புக் கோடு ஹார்லியில் வண்ணக் கோடாகும். பாரீஸ் சுவடிக்கு வரும்போது தங்கம் பூசியாயிற்று, காற்று நின்றுபோயிற்று. அழகு என்பார்கள். எனக்குப் பழுப்புதான்.

அந்தக் கருத்தரங்கு முடிந்த ராத்திரி ஆச்சிக்கு போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். நான் எண் தப்பியது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை.

"ஏட்டி, கர்த்தருக்கே கட்டில் போட்டுட்டானா அவன்? 'உறங்குகிறதுமில்லை தூங்குகிறதுமில்லை'ன்னு 121ல இருக்கே, அதுக்கு என்ன வரைஞ்சிருக்கான், பாத்துச் சொல்லு" என்றாள்.

பார்க்க உட்கார்ந்தேன். இந்த முறை 120ஐத் திறந்தேன்.