ஒரே ஆக்சஸ் ஃபைல், பழைய கம்ப்யூட்டரும் புதியதும்: கணினி கேள்வி-பதில்

கே: எங்கள் நூல் கடைக் கணக்கு முழுவதும் மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் மென்பொருளான ஆக்சஸில், ஒரே ஃபைலில் (ஏசிசிடிபி) இருக்கிறது. ஃபைல் இருப்பது விண்டோஸ் 10 கம்ப்யூட்டரில். பில் போடும் இடத்தில் விண்டோஸ் 7, ஆக்சஸ் 2007. புதிதாக வாங்கிய விண்டோஸ் 11-இல் ஆக்சஸ் 365. ஒருவர் திறந்திருந்தால் மற்றவருக்கு 'ரீட் ஒன்லி' என்று வருகிறது. அடிக்கடி 'டேட்டாபேஸ் இன்கன்சிஸ்டன்ட் ஸ்டேட்' என்று சொல்லி ரிப்பேர் கேட்கிறது.
- ஒரு வாசகர், ஈரோடு

ப: இவை இரண்டும் வெவ்வேறு கோளாறு. முதலில் ரீட் ஒன்லி. ஃபைலை யாராவது திறந்ததும், அதே ஃபோல்டரில் அதே பெயரில் 'எல்ஏசிசிடிபி' என்று ஒரு குட்டி லாக் ஃபைலை ஆக்சஸ் உருவாக்கும். உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்ற கணக்கு அதில்தான். கடைசி ஆள் வெளியேறும்போது அது அழிய வேண்டும். ஆகவே ஃபைலுக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் போதாது. ஃபோல்டருக்கே 'ஷேரிங்' பகுதியில் 'சேஞ்ச்', 'செக்யூரிட்டி' பகுதியில் 'மாடிஃபை' இரண்டும் வேண்டும். இரண்டில் எது கெடுபிடியோ அதுதான் செல்லும். பலரும் முதலாவதை மட்டும் மாற்றிவிட்டு விழிப்பார்கள்.

அடிக்கடி கெடுவதற்குப் பெரும்பாலும் 'லீசிங்' (ஷேரில் உள்ள ஃபைலின் பகுதிகளை ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தன்னிடமே தற்காலிகமாக வைத்துக்கொள்ள விடும் வசதி) காரணம். விண்டோஸ் 10-இன் 1803 பதிப்புக்குப் பிறகு தலைதூக்கிய தொல்லை இது. ஃபைல் இருக்கும் கம்ப்யூட்டரில் மட்டும் செய்யுங்கள்: எல்லோரையும் வெளியேறச் சொல்லி, ஃபைலுக்கு ஒரு நகல் எடுங்கள். ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் லோக்கல் மெஷின், சிஸ்டம், கரன்ட் கன்ட்ரோல் செட், சர்வீசஸ், லேன்மேன் சர்வர், பாராமீட்டர்ஸ் வரை போய், 'டிசேபிள்லீசிங்' (DisableLeasing) என்று இடைவெளியில்லாமல் ஒரு டிவேர்டு (எண் மதிப்பு வைக்கும் பதிவு) உருவாக்கி மதிப்பு 1 கொடுங்கள். பிறகு 'சர்வர்' சர்வீஸை நிறுத்தித் தொடங்குங்கள். வைஃபையில் இருக்கும் கம்ப்யூட்டருக்குக் கேபிள் போடுங்கள்; நடுவில் ஒரு நொடி இணைப்பு அறுந்தாலே ஃபைல் கெடலாம்.

இதெல்லாம் செய்தாலும், எல்லோரும் ஒரே ஃபைலைத் திறக்கும் வரை நிம்மதி இல்லை. 'டேட்டாபேஸ் டூல்ஸ்' மெனுவில் 'ஆக்சஸ் டேட்டாபேஸ்' பொத்தானை அழுத்தினால் ஃபைல் இரண்டாகப் பிரியும். டேபிள்கள் உள்ள '_பிஇ' பாதி ஷேரில் (எல்லோருக்கும் பகிர்ந்த ஃபோல்டரில்) இருக்கட்டும். ஃபாரம், ரிப்போர்ட் உள்ள மறுபாதியின் நகலை ஒவ்வொரு கம்ப்யூட்டரின் சி டிரைவிலும் வையுங்கள். டேபிளில் 'லார்ஜ் நம்பர்' வகை ஃபீல்டை மட்டும் சேர்த்துவிடாதீர்கள். அதன் பிறகு 2007-இல் அது திறக்காது. 365-ஐ 32-பிட்டாகவே போடுங்கள். ஃபைலுக்குள் புரோகிராம் எழுதியிருந்தால், 64-பிட்டில் அதன் 'டிக்ளேர்' வரிகளுக்கு 'பிடிஆர்சேஃப்' என்ற சொல் தேவை, அந்தச் சொல் 2007-க்குத் தெரியாது.

கே: குடோனில் உள்ள எக்ஸ்பி கம்ப்யூட்டருக்கு, விண்டோஸ் 11-இல் உள்ள ஷேர் தெரியவே இல்லையே?
- ஒரு வாசகி, கரூர்

ப: கம்ப்யூட்டர்கள் ஃபைல் பகிரப் பேசும் மொழி எஸ்எம்பி; எக்ஸ்பிக்குத் தெரிந்தது அதன் பழைய வடிவமான எஸ்எம்பி 1 மட்டும். 2017-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1709 முதல், புதிதாகப் போடும் விண்டோஸில் அதன் ஷேர் கொடுக்கும் பகுதி (சர்வர்) இருப்பதில்லை. 'விண்டோஸ் ஃபீச்சர்ஸ்' வழியாகத் திரும்பக் கொண்டுவரலாம். ஆனால் 2017 மே மாதம் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை வைரஸ் நுழைந்தது அந்தக் கதவு வழியாகத்தான், நான் பரிந்துரைக்க மாட்டேன். விண்டோஸ் 7 ஒன்று இருந்தால் ஃபைலை அதில் வையுங்கள். அது எக்ஸ்பியோடும் பேசும், 11-ஓடும் பேசும். அந்த விண்டோஸ் 7-க்கு இன்டர்நெட் இணைப்பு கொடுக்காதீர்கள். பாஸ்வேர்டுள்ள ஒரு பயனர் கணக்கும் அதில் உருவாக்குங்கள். 11-இன் 24ஹெச்2 புரோ பதிப்பு, பாஸ்வேர்டு இல்லாத ஷேரை ஏற்காது. எக்ஸ்பியில் இருப்பது ஆக்சஸ் 2003 என்றால் ஃபைல் 'எம்டிபி' வடிவத்திலேயே இருக்க வேண்டும். 365-உம் அதைத் திறக்கும்.