காய்ச்சல் போய்விட்டது, விடால் டெஸ்ட் மட்டும் விடவில்லை

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன் டைபாய்டுக்கு 14 நாள் மாத்திரை சாப்பிட்டான். காய்ச்சல் விட்டு மூன்று வாரம் ஆகிறது, நன்றாகச் சாப்பிடுகிறான். ஆனால் விடால் டெஸ்ட்டில் இன்னமும் 1:160 என்று வருகிறது. “கிருமி போகவில்லை, ஊசி போடுங்கள், அடுத்த வாரம் மறுபடி பார்க்கலாம்” என்கிறார் லேப்காரர். என்ன செய்ய?

பதில்: ஊசி வேண்டாம். அடுத்த வார டெஸ்ட்டும் வேண்டாம்.

விடால் டெஸ்ட் கிருமியைத் தேடுவதே இல்லை. கிருமியை எதிர்க்க உடம்பு தயாரித்த எதிர்ப்பொருள் எவ்வளவு இருக்கிறது என்றுதான் பார்க்கிறது. 1:160 என்பது அந்த அளவுதான். கிருமி ஒழிந்த பிறகும் அது மாதக்கணக்கில் ரத்தத்தில் நிற்கும். எப்போதோ வந்து போன டைபாய்டு, போட்ட தடுப்பூசி, ஏன், வேறு சில காய்ச்சல்கள்கூட அந்த எண்ணை ஏற்றிவிடும். குணமாகிவிட்டதா என்று சொல்ல இந்த டெஸ்ட்டால் முடியாது.

விடால் என்ற பிரெஞ்சு டாக்டர் இந்த டெஸ்ட்டை வெளியிட்டது 1896-ல். மலிவு, உடனே விடை வந்துவிடும் என்பதற்காக இன்னும் இதைக் கட்டிக்கொண்டு அழுகிறோம். “நெகட்டிவ் ஆகும்வரை பார்க்கலாம்” என்றால் யாருக்கு வரும்படி என்று யோசியுங்கள். ரத்தம் எடுப்பவர் வேலை ரிப்போர்ட் கொடுப்பதோடு சரி. மருந்து சொல்வது அவர் வேலை இல்லை. டைபாய்டுக்கு வழக்கமாகப் போடும் செஃப்ட்ரியாக்சோன் ஊசிக்கே அடங்காத கிருமி 2016-ல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் பரவத் தொடங்கியது. நல்ல மருந்துகளை இப்படி வீணாக்கித்தான் ஒவ்வொன்றாக இழந்துகொண்டிருக்கிறோம்.

காய்ச்சல் திரும்பினால் மட்டும் கதை வேறு. சிலருக்கு மருந்தை நிறுத்திய இரண்டு மூன்று வாரத்தில் டைபாய்டு மறுபடி தலைகாட்டும். காய்ச்சல் விட்ட நாளிலிருந்து அல்ல, மாத்திரையை நிறுத்திய நாளிலிருந்து எண்ணுங்கள்; உங்கள் மகன் இன்னும் அந்தக் கட்டத்தில் இருக்கலாம். இன்னும் சில வாரம் கவனித்தால் போதும். வந்தால் மறுபடி விடாலுக்கு ஓடாதீர்கள், அது எப்படியும் பாசிட்டிவ் என்றுதான் சொல்லும். மிச்சம் இருக்கும் மாத்திரையையும் கொடுத்துவிடாதீர்கள். முதல் மாத்திரை விழுங்குவதற்கு முன்பே பிளட் கல்ச்சருக்கு, அதாவது ரத்தத்தில் இருக்கும் கிருமியை லேப்பில் வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட்டுக்கு, ரத்தம் கொடுக்க வேண்டும். பெரியவர்களுக்கு 10 மில்லியாவது எடுப்பார்கள். ‘இவ்வளவா’ என்று பதற வேண்டாம், குறைந்தால் கிருமி சிக்காது. ரத்தம் எடுத்ததும் டாக்டர் மருந்தைத் தொடங்கலாம், ரிப்போர்ட் வரச் சில நாள் ஆகும். கல்ச்சரும் எல்லா நேரமும் பிடித்துவிடாது. பிடித்தால் எந்த மருந்து கேட்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடும், விடால் ஜென்மத்துக்கும் சொல்லாத விஷயம் அது. அப்புறம், சரியான மருந்துக்கே காய்ச்சல் இறங்க மூன்று முதல் ஐந்து நாள் பிடிக்கும். மறுநாளே மருந்தை மாற்றச் சொல்லி நிற்காதீர்கள். கடுமையான வயிற்றுவலி, கறுப்பாக மலம், பேச்சில் குழப்பம் என்றால் மட்டும் ஒரு நிமிடமும் காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

இப்போதைக்குப் பழைய ரிப்போர்ட்டுகளையும் அவர் சாப்பிட்ட மாத்திரையின் அட்டையையும் எடுத்து வையுங்கள். மறுபடி காய்ச்சல் வந்தால் டாக்டர் முதலில் கேட்கப்போவது அந்த அட்டையைத்தான்.