கேள்வி – பதில்: ஒரே இடம், பத்துத் தேர்தல்

கே: குரோவேசிய நாடாளுமன்றத்தில் இத்தாலிய வம்சாவளிக்காரர் ஒருவர் முப்பது ஆண்டுக்கு மேலாக அசையாமல் இருக்கிறாராமே? நம் மலேசியாவின் சுங்கை சிப்புட் தொகுதியில் துன் சாமிவேலு 1974 முதல் 2008 வரை இருந்த மாதிரியா?
— வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

ப: ஆண்டுக் கணக்கு ஏறக்குறைய ஒன்று, வழிதான் வேறு. நீங்கள் கேட்பவர் ஃபூரியோ ராடின். 1950இல் குரோவேசிய நகரான புலாவில் பிறந்தவர். 1992 முதல் 2024 வரை பத்துத் தேர்தல்களில் வென்றவர். துணைச் சபாநாயகராகவும் இருந்தார்.

சாமிவேலு எல்லா இனத்தாரிடமும் வாக்குக் கேட்க வேண்டியிருந்தது. ராடினுக்கு அது இல்லை. அங்கே மொத்தம் 151 இடங்கள். பத்து வட்டாரங்களுக்குத் தலா 14. கட்சிப் பட்டியல் முறை, 5 விழுக்காடு எட்டாத பட்டியலுக்கு ஒன்றும் கிடைக்காது. வெளிநாடுவாழ் குரோவேசியருக்கு 3. மீதி 8 சிறுபான்மையினருக்கு: செர்பியருக்கு 3, இத்தாலியருக்கு 1, ஹங்கேரியருக்கு 1, செக்கும் சுலோவாக்கும் சேர்ந்து 1. எஞ்சிய இரண்டை 17 சமூகங்கள் பங்கிட்டுக்கொள்கின்றன! இத்தாலியர் இடத்துக்கு நாடு முழுவதும் ஒரே தொகுதி. அதிக வாக்கு வாங்கியவர் வெற்றி. 100 வாக்காளர் கையெழுத்து இருந்தாலே போட்டியிடலாம்.

சிக்கல் வாக்குச்சாவடியில். வாக்காளர் பட்டியலில் இத்தாலியர் என்று பதிவானவர் சிறுபான்மை வாக்குச்சீட்டையோ வட்டார வாக்குச்சீட்டையோ, ஒன்றைத்தான் வாங்கலாம். முதலாவதை எடுத்தால் யார் ஆட்சி என்ற கட்சிப் போட்டியில் அவருக்கு வாக்கில்லை. இரண்டும் தரலாம் என்று 2010இல் கொண்டுவந்த திருத்தத்தை அரசியலமைப்பு நீதிமன்றம் 2011இல் ரத்துசெய்தது. 2021 கணக்கெடுப்பில் இத்தாலியர் 13,763 பேர்தான். அதிலும் ஒரு பகுதி வட்டார வாக்குச்சீட்டுக்குப் போய்விடுகிறது. ஆகவே பழகிய முகத்தை எதிர்த்து வெல்வது கடினம். என் கணிப்பில் அவருடைய நீண்ட பதவிக்கு இதுவே பாதிக் காரணம்.

கே: நாடாளுமன்றத்தில் இப்படித் தனி ஒருவரால் என்ன சாதிக்க முடியும்?
— வாசகி, பட்டர்வொர்த்

ப: ஆட்சிக்கு 76 இடம் தேவை. 2020இல் பிரதமர் பிளென்கோவிச்சின் கூட்டணிக்கு 66தான் கிடைத்தது. சிறுபான்மை எட்டுப் பேரும் சிறு கட்சிகளின் இருவரும் சேர, சரியாக 76. அப்படி இழுபறி வந்தால்தான் ஒற்றை வாக்குக்கு விலை. ஆனால் சிறுபான்மைக் கட்சியை ஒதுக்கவும் முடியும்: 2024இல் 14 இடம் வென்ற தாயக இயக்கம் என்ற வலதுசாரிக் கட்சி பிளென்கோவிச்சின் ஆட்சியில் சேர்ந்தது. செர்பியர் கட்சி வெளியே இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை, அதுவே நடந்தது.