அரை மில்லிமீட்டர் கோடு – கடிதம்

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 31. ஓசூரில் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் வேலை. விமானி ஆக வேண்டும் என்று சிறுவயது முதல் ஆசை. மருத்துவப் பரிசோதனையில் நிறக்குருடு என்று தெரிந்ததும் அந்த ஆசை முடிந்துபோனது. நான் தகுதியற்றவன் என்று ஆகிவிட்டது. இப்போது வாடகை அறையில் உட்கார்ந்து போயிங் 737-800 விமானத்தின் ஓவர்ஹெட் பேனலை, அதாவது விமானியின் தலைக்குமேல் இருக்கும் சுவிட்சுப் பலகையைச் செய்துகொண்டிருக்கிறேன், கணினி சிமுலேட்டருடன் இணைப்பதற்காக. என்னிடம் 3018 வகைச் சிறிய சிஎன்சி ரௌட்டர், அதாவது கணினி சொல்லும் பாதையில் கட்டரை ஓட்டி வெட்டும் இயந்திரம் இருக்கிறது. வெள்ளை அக்ரிலிக் தகட்டின்மேல் சாம்பல் பெயின்ட் அடித்து, 60 டிகிரி வி பிட் என்ற கூர்முனைக் கட்டரால் எழுத்துகளைப் பொறிக்கிறேன். பின்னால் எல்இடி எரியும்போது எழுத்து மட்டும் ஒளிர வேண்டும். ஆனால் ஒரே வரியில் ஓர் எழுத்து தடித்தும் இன்னொன்று மெலிந்தும் வருகிறது. படம் இணைத்திருக்கிறேன். ஓரளவு படிக்க முடிந்தால் போதும் என்று விட்டுவிடப் பார்த்தேன், மனம் ஒப்பவில்லை. 6040 அளவில் பெரிய இயந்திரம் வாங்கலாமா? லேசர்தான் நல்லது என்கிறார்கள் நண்பர்கள். எதை வாங்கினாலும் சேமிப்பு கரைந்துவிடும். கல்யாண வயதில் வெறும் பொம்மை செய்துகொண்டிருக்கிறாயே என்று அம்மா கேட்கிறார். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

ம., ஓசூர்

அன்புள்ள ம.,

உங்கள் படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். 'ஃப்யூயல் பம்ப்ஸ்' என்ற சொற்களில் முதல் எழுத்து வெயிலில் வைத்த வெல்லம்போல் பரந்து கிடக்கிறது. கடைசி எழுத்து மயிரிழை. பெரிய இயந்திரத்தில் இதையே செய்தாலும் இப்படித்தான் வரும். சேமிப்பைத் தொடாதீர்கள்.

பொறித்த எழுத்துகளைப் பற்றித்தான் நானும் கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் குடியிருப்பின் மின்பலகையைப் புதுப்பிக்க வந்தவர்கள், அதிலிருந்த பொறித்த பெயர்த்தகடுகளையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு ஸ்டிக்கர் ஒட்டிப் போனார்கள். ஒரு கோடை முடிவதற்குள் எல்லாம் வெளுத்துவிட்டன. எந்தச் சுவிட்ச் எந்த வீட்டுக்கு என்று யாருக்கும் தெரியவில்லை. அந்தக் கோபம் ஆறாமல் இருக்கும்போது 'ஓரளவு படிக்க முடிந்தால் போதும்' என்று நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தேன். அப்படி எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? நீங்கள் செய்வது இரவில் ஒளியால் படிக்க வேண்டிய பலகை. விமானி அறையில் விளக்கைக் குறைத்துவிட்டால் தகடே கண்ணுக்குத் தெரியாது, எழுத்து மட்டும்தான் இருக்கும். கோடு தடித்த எழுத்து கண்ணைக் குத்தும். ஒளியை இன்னும் குறைத்தால் மெலிந்த எழுத்து முதலில் காணாமல் போகும். ஒரே சொல்லில் பாதி எரிந்து பாதி அணைந்தால் அதற்குப் பெயர் பேனலா?

கணக்கைப் பாருங்கள். உங்கள் எழுத்தின் உயரம் நான்கு மில்லிமீட்டர் என்றால் கோட்டின் அகலம் அரை மில்லிமீட்டர் இருக்க வேண்டும். வி பிட் கூம்பு வடிவம், எவ்வளவு ஆழம் இறங்குகிறதோ அவ்வளவு அகலமாக வெட்டும். 60 டிகிரி பிட் 0.1 மில்லிமீட்டர் கூடுதலாக இறங்கினால் கோடு ஏறத்தாழ 0.12 மில்லிமீட்டர் அகலும். உங்கள் மேசை இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் 0.3 மில்லிமீட்டர் ஏறி இறங்கினால் போதும், கோட்டின் அகலத்தில் 0.35 மில்லிமீட்டர் வித்தியாசம் வந்துவிடும். அரை மில்லிமீட்டர் கோட்டில் 0.35 போனால் மிஞ்சுவது என்ன? இதில் இயந்திரத்தின் குற்றம் எங்கே இருக்கிறது?

முதல் வேலையாக மேசைமேல் ஓர் எம்டிஎஃப் பலகையை (மரத்தூளை அழுத்திச் செய்தது) திருகி, அதை அந்த இயந்திரத்தைக் கொண்டே முழுக்கச் சீவிவிடுங்கள். அப்போதுதான் பலகையின் முகமும் கட்டர் ஓடும் தளமும் ஒன்றாகும். ஆனால் இதோடு பிரச்சினை தீராது. வார்ப்பு அக்ரிலிக் தகட்டின் தடிமனே இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும். அதற்காக அச்சு வழியே பிதுக்கிச் செய்யும் மலிவான எக்ஸ்ட்ரூடட் தகட்டுக்குப் போய்விடாதீர்கள். அது கட்டரில் உருகி ஒட்டிக்கொள்ளும். மேற்பரப்பைப் புள்ளி புள்ளியாகத் தொட்டு அளந்து, மென்பொருளில் உயரத்தைத் திருத்தலாம் என்று யாராவது சொல்வார்கள். செம்புப் பலகையில் அது சுலபம். அக்ரிலிக்கில் மின்சாரம் பாயாது, அளக்க வேண்டுமானால் மேலே உலோகத் தாள் விரித்தாக வேண்டும். எதற்கு இந்தப் பாடு? வி பிட்டைக் கழற்றி வையுங்கள். அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள, நுனி தட்டையான நேர் கட்டரைப் போடுங்கள். அது 0.1 இறங்கினாலும் 0.4 இறங்கினாலும் கோடு அரை மில்லிமீட்டர்தான். பெயின்ட் படலம் அறுபட்டால் போதும். மெல்லிய கட்டர் என்பதால் அவசரப்பட்டால் ஒடியும், கட்டர் முன்னேறும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இதை எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை. இளம் வயதில் துவாக்குடியில் மின்பலகை செய்யும் பட்டறையில் வேலை பார்த்தேன். பலகைகளுக்கான பெயர்த்தகடுகளைப் பொறித்து வாங்கிவர என்னைத்தான் பாலக்கரைக்கு அனுப்புவார்கள். அங்கே ஒரு பெரியவர் பாண்டோகிராஃப் இயந்திரம் வைத்திருந்தார். பித்தளை அச்செழுத்துகளை வரிசையாகக் கோத்து இறுக்குவார். வலக்கையில் பிடித்த ஊசி பித்தளைப் பள்ளத்தில் ஊர்ந்து போகும், இடக்கை கட்டரை ஏற்றி இறக்கும். மறுமுனையில் அதே எழுத்து சிறிதாகி டிராஃபோலைட் தகட்டில் விழும். டிராஃபோலைட் என்பது 1927-இல் மான்செஸ்டரின் டிராஃபோர்டு பார்க்கில் மெட்ரோபாலிட்டன்-விக்கர்ஸ் நிறுவனம் உருவாக்கிய அடுக்குப் பிளாஸ்டிக். மேலே கறுப்பு, உள்ளே வெள்ளை. மேலடுக்கை அறுத்தால் உள்நிறம் எழுத்தாகிவிடும். நீங்கள் பெயின்ட் அடித்துச் செய்வதும் இதுவேதான்.

தகட்டைப் பொருத்தியதும் வேலையைத் தொடங்கிவிட மாட்டார் அவர். நான்கு மூலையிலும் கட்டரை மெல்ல இறக்கித் தொட்டுப் பார்ப்பார். தாழ்ந்த மூலையில் பீடிக்கட்டின் காகிதத்தைக் கிழித்து அடியில் செருகுவார். மறுபடி நான்கு மூலை. நேரமாகிறது என்று நான் முனகினால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். ஒருமுறை, எழுத்து இன்னும் தடிமனாக, அலங்காரமாக இருக்கட்டும் என்று எங்கள் முதலாளி சொல்லியனுப்பினார். பெரியவர் மறுத்துவிட்டார். ஃப்யூஸ் போன இருட்டில் டார்ச் அடித்துப் படிக்கிறவனுக்கு அலங்காரம் எதற்கு என்று கேட்டுவிட்டு, வழக்கமான கட்டரையே மாட்டினார். அந்தத் தகடுகளில் ஒன்று இன்னும் என் மேசையில் இருக்கிறது. எழுத்தின் முனைகள் எல்லாம் உருண்டை. கட்டர் வட்டமானது, நுழையும் இடமும் வெளியேறும் இடமும் வட்டமாகத்தானே இருக்கும்!

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தின் ரசீன் ஊரில் இருந்த ஜார்ஜ் கார்ட்டன் இயந்திர நிறுவனம் இதே வகைப் பாண்டோகிராஃப்களைச் செய்தது. அதன் பித்தளை அச்சுகளில் இருந்த எழுத்து வடிவம் தொழிற்சாலைப் பலகைகள் தொடங்கி, நிலவுக்குப் போன அப்பல்லோ கலங்களின் பேனல்கள்வரை சென்றது. அகலம் மாறாத ஒற்றைக்கோடு, உருண்டை முனை. பல ஆண்டுகள் மனிதக் கண்ணின்முன் நின்று தேறிய எழுத்து அது.

நீங்கள் கணினியில் இருந்த அச்சு எழுத்துருவை எடுத்திருக்கிறீர்கள். அது விளிம்புகளால் ஆன எழுத்து. உங்கள் பிட் ஒவ்வொரு கோட்டுக்கும் இரண்டு விளிம்புகளைச் சுற்றி ஓடி, நடுவையும் சுரண்டுகிறது. ஒரு தடவை இழுத்தால் முடிகிற கோட்டுக்கு மூன்று தடவை ஓடினால் பிழையும் மூன்று இடத்தில் புகும். ஒற்றைக்கோட்டு எழுத்துருவைத் தேடுங்கள். அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுக்கூடத்தில் இருந்த ஹெர்ஷி 1967-இல் கணினிக்காக வெறும் கோடுகளால் எழுத்துகளை அமைத்து வெளியிட்டார். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் அவை இலவசமாகவே கிடைக்கின்றன. நேர் கட்டர் அந்தக் கோட்டின்மேல் ஒரு தடவை ஓடினால் போதும், எழுத்து வந்துவிடும்.

லேசரும் பெயின்டை எடுக்கும். சுவிட்சுக்குத் துளையும் பள்ளமும் போட ரௌட்டர்தானே வேண்டும்? பிறகு இரண்டு இயந்திரங்களை வைத்துக்கொண்டு வாடகை அறையில் எங்கே படுப்பீர்கள்? லேசர் பேச்சு இதோடு போதும்.

அம்மாவிடம் சொல்ல ஒரு பதில் தருகிறேன். நியூயார்க் மாநிலத்தின் பிங்ஹாம்டனில் ஆர்கனும் பியானோவும் செய்யும் தொழிற்சாலைக்காரரின் மகன் எட்வின் லிங்க். பணமில்லாதவனும் பறக்கக் கற்க வேண்டும் என்று 1929-இல் ஆர்கன் துருத்திகளைக் கொண்டு, ஆடி அசையும் ஒரு போலி விமானத்தைச் செய்தார். பயிற்சிக்கு யாரும் பெரிதாக வாங்கவில்லை, கேளிக்கைப் பூங்காக்களில்தான் அது ஓடியது. 1934-இல் அமெரிக்க ராணுவம் விமானத் தபாலைச் சுமக்கத் தொடங்கி, மோசமான வானிலையில் விமானிகள் அடுத்தடுத்து இறந்தார்கள். வெளியே எதுவும் தெரியாதபோது உள்ளே இருக்கும் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்க அவர்களுக்குப் பயிற்சி இல்லை. அதன்பிறகுதான் ராணுவம் லிங்க்கிடம் ஆறு பெட்டிகளை வாங்கியது. இரண்டாம் உலகப் போரில் லட்சக்கணக்கான விமானிகள் அந்தப் பெட்டிக்குள் உட்கார்ந்துதான் பழகினார்கள். பொம்மை என்ற சொல்லுக்கு அம்மாவிடம் கோபப்படாதீர்கள். ஆனால் அதன்முன் 'வெறும்' என்று போட்டது அவர்தானா, நீங்களா? நீங்களாக இருந்தால் அதை அடித்துவிடுங்கள்.

'தகுதியற்றவன்' என்றும் எழுதியிருக்கிறீர்கள். நிறங்களைப் பிரித்தறிய முடியாத கண் என்று ஒரு பரிசோதனை சொன்னது. அதற்கு மேல் அது எதையும் சொல்லவில்லை. ஒரே வரியில் இரண்டு எழுத்துகளின் தடிமன் ஒத்துப்போகவில்லை என்று உறுத்துகிற கண் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை, தம்பி. நீங்கள் அனுப்பிய படத்தை என்னருகில் இருந்தவர்களிடம் காட்டினேன். எல்லோரும் அழகாக இருக்கிறது என்றார்கள்.

மேசையைச் சீவி, நேர் கட்டர் போட்டு, 'ஃப்யூயல் பம்ப்ஸ்' சொற்களை மட்டும் மறுபடி வெட்டி எனக்குப் படம் அனுப்புங்கள். விளக்கைக் குறைத்து ஒரு படம், கூட்டி ஒரு படம். இன்னொன்று. முதலில் அனுப்பிய படத்தின் ஓரத்தில், கட்டரைச் சுழற்றும் ஸ்பிண்டிலுக்குப் பக்கத்தில் உங்கள் முகம் பாதி விழுந்திருக்கிறது, கண்ணில் பாதுகாப்புக் கண்ணாடி இல்லை. ஒடிந்த கட்டர் எந்தப் பக்கம் பறக்கும் என்று தெரியாது. கண்ணாடி வாங்கிய பிறகு இயந்திரத்தை ஓட்டினால் போதும்.

அன்புடன்.