பாரிஸ் மேசையில் என்ன நடக்கிறது? – வாசகர் கேள்வி பதில்

பாரிஸில் தலைமையகம் கொண்ட யுனெஸ்கோ (ஐ.நா.வின் கல்வி, விஞ்ஞான, கலாசார நிறுவனம்) பற்றி மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இம்முறை பதில் தருகிறோம்.

கேள்வி: யுனெஸ்கோ நிறைவேற்றுச் சபையின் தீர்மானங்கள் பெரும்பாலும் ஏகமனதாக நிறைவேறியதாகவே செய்தி வருகிறது. இத்தனை நாடுகளும் எப்படி ஒத்துப்போகின்றன?
– வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: வாக்கெடுப்புக்கு விதிகளில் இடம் உண்டு. ஆனால் விவகாரத்தை அதுவரை போகவிடாமல் முடிப்பதே அங்குள்ள இராஜதந்திரிகளின் முதல் வேலை. சபையில் 58 நாடுகள், நான்கு ஆண்டுப் பதவிக்காலம், ஆண்டுக்கு இரண்டு வழமையான அமர்வுகள். 2023–2027 காலத்துக்கு இலங்கையும் உறுப்பு நாடு.

ஒரு நாட்டுக்கு ஏதாவது வேண்டுமென்றால் முதலில் விளக்கக் குறிப்புடன் வரைவுத் தீர்மானம் ஒன்றை எழுத வேண்டும். பிறகு இணை அனுசரணை நாடுகளைத் தேட வேண்டும். சறுக்கல் தொடங்குவது இங்கேதான். தன் பிராந்தியத்து நண்பர்களை மட்டும் சேர்த்துக்கொண்டு போனால், மற்றவர்கள் அதை ஓர் அணியின் கோரிக்கையாகவே பார்ப்பார்கள். ஆபிரிக்காவிலிருந்தும் இலத்தீன் அமெரிக்காவிலிருந்தும் இரண்டு மூன்று நாடுகளாவது பெயர் கொடுத்திருக்க வேண்டும்.

ஒத்துவராத வரைவு, வரைவுக் குழுவுக்குப் போகும். வாசகம் திரையில் தெரியும். யாராவது ஏற்காத சொற்களைச் சதுர அடைப்புக்குள் போடுவார்கள். கடைசி அடைப்பு நீங்கும்வரை பேச்சு நீளும். நீக்குவதற்குச் சில பழகிய வழிகள் உண்டு: முன்னைய தீர்மானமொன்றில் எல்லோரும் ஏற்றுக்கொண்ட வாசகத்தை அப்படியே எடுத்துப் போடுவது, என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் செயற்படு பந்தியிலிருந்து முகவுரைக்கு மாற்றுவது, ‘முடிவு செய்கிறது’ என்பதை ‘அழைப்பு விடுக்கிறது’ என்று தணிப்பது. தீர்மானத்தை வாசிக்கும்போது வினைச்சொல்லைப் பாருங்கள். ‘கவனத்திற்கொள்கிறது’ என்று முடியும் பந்தியால் செயலகம் எதையும் செய்யக் கட்டுப்படாது. அதைவிட ஆபத்தானது, ‘வரவு செலவுத் திட்டத்துக்கு வெளியே நிதி கிடைக்குமாயின்’ என்று கடைசி நேரத்தில் நுழையும் சொற்றொடர். அது ஏறிவிட்டால் பணம் தர ஒரு நாடு முன்வரும்வரை வேலை தொடங்காது.

சிறிய நாடுகளை வருத்தும் இன்னொன்று நேரம். பாரிஸில் இரவு எட்டு மணி என்றால் கொழும்பில் காலத்தைப் பொறுத்து 11.30 அல்லது 12.30. அந்த நேரத்தில் அமைச்சில் அறிவுறுத்தல் கேட்க ஆளிருக்காது. எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடவே கூடாது என்பதை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிவைக்காத தூதுக்குழு, நல்ல வாசகத்தையும் ஏற்க முடியாமல் வாய்மூடி இருக்க நேரும்.

வாக்கெடுப்பில் வென்றால் என்ன என்று கேட்கலாம். காகிதத்தில் வெற்றி கிடைக்கும். தோற்ற நாடுகளோ பணம் தரா. அடுத்த அமர்வில் அதே விடயத்தைத் திரும்பவும் கிளப்பும்.

கேள்வி: அமெரிக்கா மறுபடியும் விலகுகிறதாமே. நிறுவனம் தாங்குமா?
– வாசகர், கல்முனை

பதில்: தாங்கும், ஆனால் வலிக்கும். யுனெஸ்கோ அமைப்பு விதிப்படி, விலகல் அறிவித்தல் கொடுத்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் டிசம்பர் 31இல்தான் அது நடைமுறைக்கு வரும். 2025 ஜூலையில் அறிவித்ததால் 2026 டிசம்பர் இறுதியே அதற்கான திகதி. 1983 டிசம்பரில் அறிவித்து 1984 இறுதியில் வெளியேறியதும் இதே விதிப்படிதான். அப்போது சொன்ன காரணங்களில் அரசியல்மயமாதலோடு நிருவாகச் சீர்கேடும் வரவு செலவுப் பெருக்கமும் இருந்தன. அமெரிக்கா திரும்பி வந்தது 2003இல்.

2011இல் பலஸ்தீனம் உறுப்பு நாடாகச் சேர்க்கப்பட்டதும் அமெரிக்கா உறுப்பினர் கட்டணத்தை நிறுத்தியது. அதன் பங்கு அன்று 22 வீதம். அடி பலமாக விழுந்தது. ஆட்சேர்ப்பு நின்றது, திட்டங்கள் சுருங்கின. நிலுவை, நடப்பு ஆண்டினதும் முந்தைய ஆண்டினதும் கட்டணத் தொகையைத் தாண்டினால், எல்லா உறுப்பு நாடுகளும் கூடும் பொது மாநாட்டில் வாக்குரிமை போகும். 2013இல் அமெரிக்காவுக்கு அதுதான் நடந்தது. இம்முறை நிலைமை வேறு: பிற நாடுகளின் தன்னார்வ நிதி கூடியதால், மொத்த நிதியில் அமெரிக்கப் பங்கு ஏறக்குறைய 8 வீதம்தான் என்று செயலகமே சொல்லியிருக்கிறது. எங்களுக்குக் கவலை தருவது வேறொன்று. தன்னார்வ நிதி, கொடுப்பவர் விரும்பும் வேலைக்கே போகும். எல்லா நாடுகளும் சேர்ந்து தீர்மானிக்கும் பகுதி அதனால் சுருங்குகிறது.

கேள்வி: பணிப்பாளர் நாயகத்தை யார் தெரிவு செய்கிறார்கள்?
– வாசகர், ஏறாவூர்

பதில்: நிறைவேற்றுச் சபை இரகசிய வாக்கெடுப்பில் ஒருவரை முன்மொழியும். பொது மாநாடு அவரைத் தெரிவு செய்யும். 2017இல் ஐந்தாம் சுற்றுவரை இழுபட்டு 30க்கு 28 என்று முடிந்தது. 2025இல் எகிப்தின் காலித் எல்-எனானி முதற் சுற்றிலேயே 55 வாக்குகள் பெற்றார்.

கேள்வி: சுவாமி விபுலானந்தரின் நினைவு ஆண்டை யுனெஸ்கோ கொண்டாடச் செய்ய முடியுமா?
– வாசகர், காரைதீவு

பதில்: முடியும். ஆனால் எந்த ஆண்டு என்பதில் கவனம் வேண்டும். மறைந்த ஆளுமைகளின் பிறப்பு அல்லது இறப்பின் 50, 100, 150 போன்ற நிறைவுகளை முன்மொழிவதே வழக்கம். அடிகள் பிறந்தது 1892, மறைந்தது 1947. ஆகவே அடுத்து வருபவை 2042இல் 150ஆவது பிறந்த ஆண்டும், 2047இல் மறைவின் நூற்றாண்டும். பொது மாநாடு ஒற்றைப்படை ஆண்டுகளில் கூடி, அடுத்துவரும் ஈராண்டுக்கான பட்டியலை அங்கீகரிக்கும். 2042க்கு 2041 மாநாடு, 2047க்கு 2045 மாநாடு. முன்மொழிவு அதற்கு முன்பே நிறைவேற்றுச் சபையைத் தாண்டியிருக்க வேண்டும். எனவே 2042க்கான கோவை 2040க்குள் கையில் இருக்க வேண்டும்.

ஒரு நாடு ஈராண்டுக்கு இரண்டு முன்மொழிவுகள்தான் வைக்கலாம். குறைந்தது வேறு இரு நாடுகளின் ஆதரவு, அல்லது ஒரு பிராந்தியக் குழுவின் ஆதரவு தேவை. அடிகள் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதல் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். இந்தியாவை அணுக வலுவான காரணம் இருக்கிறது. ஊர்ப்பெருமை பேசும் வாழ்க்கை வரலாறு மட்டும் எடுபடாது. விஞ்ஞானக் கல்வி, பண்டை இசை ஆய்வு, ஏழைச் சிறுவர்களுக்கான பாடசாலைகள் என்று யுனெஸ்கோவின் துறைகளோடு அவர் பணியைப் பொருத்திக் காட்ட வேண்டும்.

கேள்வி: மட்டக்களப்புக் கூத்தை உலக மரபுப் பட்டியலில் சேர்க்க நாங்கள் நேரடியாக விண்ணப்பிக்கலாமா?
– வாசகர், வந்தாறுமூலை

பதில்: நேரடியாக முடியாது. கலை, கைவினை போன்ற தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுகளுக்கான 2003ஆம் ஆண்டுச் சமவாயத்தின்படி அரசுதான் கோவையை அனுப்பும். 2018இல் பட்டியலுக்குச் சென்ற சிங்களப் பொம்மலாட்டமான ரூகடவும், 2021இல் சென்ற தும்பறைப் பாய் நெசவும் அப்படித்தான் சென்றன. ஒரு நாட்டுக்கு ஈராண்டுக்கு ஒரு கோவை என்பதே உறுதியான இடம். அந்த ஒன்றுக்கு நாட்டுக்குள்ளேயே போட்டி இருக்கும். ஆகவே முதற் பேச்சுவார்த்தை கொழும்பில் நடக்க வேண்டும்: பிரதேச கலாசார உத்தியோகத்தர் வழியாகக் கலாசாரத் திணைக்களத்துக்கும், கல்வி அமைச்சோடு இயங்கும் யுனெஸ்கோ தேசிய ஆணைக்குழுவுக்கும் போக வேண்டும். இறுதித் திகதி மார்ச் 31. முடிவு வருவது அடுத்த ஆண்டின் கடைசியில்.

கோவையில் ஐந்து அளவுகோல்கள். கடைசி மூன்றை இங்கே பார்ப்போம். ஐந்தாவது, கூத்து ஏற்கெனவே நாட்டின் மரபுப் பதிவேட்டில் இருக்க வேண்டும் என்பது. அந்தப் பதிவு இல்லாவிட்டால் மற்றவை எவ்வளவு நன்றாக இருந்தாலும் பயனில்லை. நான்காவது, சமூகத்தின் சம்மதம். வடமோடி, தென்மோடி என்ற இரு கூத்து வகைகளின் அண்ணாவிமாரிடமும் (கூத்துப் பழக்கும் ஆசான்கள்) கூத்தரிடமும் ஊர் ஊராகப் போய்க் கடிதம் வாங்குங்கள். ஒரே வாசகத்தை அச்சடித்துக் கையெழுத்து மட்டும் வாங்கினால் மதிப்பீட்டுக் குழு அதைக் குறையாகச் சொல்லும். அண்ணாவியார் தன் சொல்லில் தமிழில் எழுதட்டும், மொழிபெயர்ப்பை இணைக்கலாம். மூன்றாவது, பாதுகாப்புத் திட்டம்: யார், எப்போது, எந்தப் பணத்தில் என்று ஒவ்வொன்றுக்கும் விடை இருக்க வேண்டும். விடிய விடிய ஆடும் கூத்து போட்டி மேடைக்காக ஒரு மணி நேரமாக வெட்டப்படுவதை மறைக்காதீர்கள். வட்டக்களரியில் (கூத்து ஆடும் வட்ட வடிவ அரங்கு) முழு ஆட்டத்தையும் இளையவர்கள் பழக என்ன செய்யப்போகிறீர்கள் என்று எழுதுங்கள்.

பத்துப் படங்களும் ஐந்து முதல் பத்து நிமிடக் காணொளியும் வேண்டும். ‘உலகிலேயே தொன்மையானது’, ‘தனித்துவமானது’, ‘கலப்பற்றது’ போன்ற சொற்களை எடுத்துவிடுங்கள். ஒரு மரபை இன்னொன்றுக்கு மேலாக வைப்பதை அந்தச் சமவாயம் ஏற்பதில்லை. இத்தகைய சொற்களால் கோவைகள் திருத்தத்துக்குத் திரும்பியிருக்கின்றன.