மேக் வைஸ்மனும் அம்மாவின் நோட்டுப் புத்தகங்களும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

புளூகிராஸ் எனப்படும், பாஞ்சோவும் பிடிலும் கிட்டாரும் சேர்ந்தொலிக்கும் அமெரிக்கக் கிராமிய இசை பற்றிய கட்டுரையில் மேக் வைஸ்மனைப் பழம்பாடல்களைக் காத்தவர் என்று எழுதியிருந்தீர்கள். அவர் ரேடியோவிலும் இசைத்தட்டிலும் பாடிச் சம்பாதித்த தொழில்முறைப் பாடகர். புளூகிராஸே 1940களில் உருவான இசைதான். மலைக்கிராமங்களில் ஏறி இறங்கிப் பாடல்களைச் சேகரித்த ஆய்வாளர்கள் இருக்கும்போது, அந்தப் பெருமையை இவருக்குத் தருவது நியாயமா?

ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

நியாயம் என்றே நினைக்கிறேன். சேகரிப்பாளர்கள்மேல் எனக்கும் பெருமதிப்பு உண்டு. 1916 முதல் 1918 வரை, இங்கிலாந்திலிருந்து வந்த செசில் ஷார்ப்பும் மாட் கார்ப்பலஸும் கிழக்கு அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைகளில் அலைந்து எழுதி வைக்காவிட்டால் எத்தனையோ கதைப்பாடல்கள் மறைந்திருக்கும். ஆனால் ஷார்ப் தேடியது, கடல் கடந்து வந்த பழைய கதைப்பாடல்களைத்தான். நகரத்து அச்சகங்களிலிருந்து கிளம்பி மலையேறிய 19ஆம் நூற்றாண்டுப் பாடல்கள் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. அனாதைச் சிறுவன், இறந்துபோன தாய், வீட்டை நினைத்து ஏங்கும் மகன் என்று கண்ணீர் ததும்பும் பாடல்கள் அவை. மலை மக்களோ இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் தங்கள் பாட்டாகவே பாடினார்கள். ஆய்வாளர்கள் ஒதுக்கிய அந்தப் பாடல்களைத்தான் வைஸ்மன் ஏந்திக்கொண்டார்.

அவர் 1925இல் வர்ஜீனியாவின் க்ரிமோராவில் பிறந்தவர். குழந்தையிலேயே போலியோ தாக்கி ஒரு கால் பாதிக்கப்பட்டது. அவருடைய தாய் ரூத், ரேடியோவின் அருகில் பென்சிலோடு அமர்ந்து, பாடகர்கள் பாடப்பாடப் பாடல் வரிகளைப் பள்ளிக்கூட நோட்டுப் புத்தகங்களில் எழுதிக்கொள்வார். அந்தக் கையெழுத்தைப் பார்த்துத்தான் மகன் பாடக் கற்றார். எந்தப் பல்கலைக்கழகமும் அனுப்பாத ஒரு சேகரிப்பாளர் அந்த வீட்டிலேயே இருந்திருக்கிறார். நோட்டில் சொற்கள் மட்டும்தான் இருந்தன. மெட்டு மகனின் நினைவில் இருந்தது. அவர் பாடாமல் விட்டிருந்தால் பாதிதான் மிஞ்சியிருக்கும்.

தொழில் வாழ்க்கையில் முதல் வரிசை ஆட்களோடுதான் இருந்தார். 1948இல் புளூகிராஸ் முன்னோடிகளான லெஸ்டர் ஃப்ளாட்டும் ஏர்ல் ஸ்க்ரக்ஸும் தொடங்கிய குழுவில் சேர்ந்தார். 1949இல் புளூகிராஸின் தந்தை எனப்படும் பில் மன்ரோவின் குழுவில் பாடினார். 1951 முதல் டாட் இசைத்தட்டு நிறுவனத்துக்காகத் தனியாகப் பதிவு செய்தார். அந்தப் பதிவுகளில் இரட்டை பிடில்கள் இழையும். மன்ரோவின் குரல் உச்சியில் நின்று அறுக்கும்; வைஸ்மனின் குரல் நடுவில் நின்று, ஒவ்வொரு சொல்லையும் தெளிவாக வைத்துவிட்டுப் போகும். கதை சொல்லும் பாட்டுக்கு இதைவிட என்ன வேண்டும்?

‘ஜிம்மி பிரவுன்’ என்ற செய்தித்தாள் விற்கும் சிறுவனின் பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். தலையில் தொப்பியில்லை, காலில் செருப்பில்லை, தந்தை குடித்தே இறந்துபோனார். 1875இல் கென்டக்கியின் லூயிவில் நகரத்துப் பாடலாசிரியர் வில் ஹேஸ் வெளியிட்ட பாட்டு இது. 1929இல் கார்ட்டர் குடும்பம் என்ற புகழ்பெற்ற பாடகர் குழு இதைப் பதிவு செய்தது; பாட்டு அந்தக் குழுவின் ஏ. பி. கார்ட்டர் பெயரிலேயே புழங்கத் தொடங்கி, ஹேஸ் மறக்கப்பட்டார். 1959இல் வைஸ்மன் பாடியபோது அது அமெரிக்கக் கன்ட்ரி இசைப் பட்டியலில் மேலே ஏறியது. 84 ஆண்டுப் பழைய பாட்டு, அன்றைய புதுப் பாட்டுகளோடு போட்டியிட்டு ஜெயித்திருக்கிறது. நூலகத்தின் அலமாரியில் இருந்திருந்தால் இது நடந்திருக்குமா?

ஆகவே, பணத்துக்காகப் பாடியது குறையென்று எனக்குப் படவில்லை. அதனால்தான் ஐம்பது, அறுபது ஆண்டுகள் அந்தப் பாடல்களை மேடை மேடையாக அவரால் கொண்டுபோக முடிந்தது. அமெரிக்க அரசின் தேசியக் கலை நிதியம் 2008இல் அவருக்குப் பாரம்பரியக் கலைஞர் விருதளித்ததும் இதே காரணத்தால்தான் என்று கொள்கிறேன்.

2014இல், ஏறக்குறைய 90 வயதில், அம்மாவின் நோட்டுகளிலிருந்து பன்னிரண்டு பாடல்களைத் தேர்ந்து ஓர் ஆல்பமாகப் பாடினார். குரலில் முதுமை நன்றாகவே தெரிகிறது, ஆனால் ஒரு சொல்கூட மழுங்கவில்லை. 2019இல் மறைந்தார்.

‘ஜிம்மி பிரவுன்’ பாட்டை முதலில் கார்ட்டர் குடும்பத்தின் 1929 பதிவில் கேளுங்கள், உடனே வைஸ்மனின் 1959 பதிவைக் கேளுங்கள். பிறகும் உங்கள் கருத்து மாறாவிட்டால் மறுபடி எழுதுங்கள், பேசுவோம்.