மூன்றே நாளில் வெளியாகும் ஆய்வுக் கட்டுரை

கேள்வி: ஐயா, நான் குறுந்தொகையின் பாலைத்திணைப் பாடல்கள் குறித்து முனைவர் பட்ட ஆய்வு செய்து வருகிறேன். 2,000 ரூபாய் செலுத்தினால் மூன்று நாட்களில் என் கட்டுரையை வெளியிட்டுச் சான்றிதழும் தருவதாக ஓர் ஆய்விதழிலிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. ஐ.எஸ்.எஸ்.என். எண் பெற்ற இதழ் என்றும், யுஜிசி கேர் பட்டியலில் உள்ளது என்றும் கூறுகிறார்கள். அனுப்பலாமா?
— ஆய்வு மாணவி, திருநெல்வேலி

பதில்: அனுப்பாதீர்கள், அம்மா. ஐ.எஸ்.எஸ்.என். என்பது ஓர் இதழை இன்னதென்று அடையாளம் காட்டும் எட்டு இலக்க எண். இதழின் தரத்துக்கு அது சான்றாகாது. தரமான இதழ்கள் இவை என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2019-இல் வெளியிட்ட கேர் பட்டியலையும் அக்குழுவே 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது. ஆகவே, இன்று அந்தப் பட்டியலைக் காட்டி ஒருவர் கட்டுரை கேட்பதே ஐயத்துக்கு உரியது.

மூன்று நாள் என்ற வாக்குறுதிதான் என்னை மிகவும் வருத்துகிறது. நல்ல ஆய்விதழில் ஆசிரியர் முதலில் படித்துப் பார்த்து, இதழின் எல்லைக்குள் பொருந்துமானால், பெரும்பாலும் உங்கள் பெயரை மறைத்து, துறையறிந்த இருவருக்கு அனுப்புவார். அவர்களுடைய கருத்துரை வந்து சேரவே சில மாதங்கள் ஆகலாம். நீங்கள் கையாண்ட பாடம், அதாவது பாடலின் சொல்வடிவம், சௌரிப்பெருமாள் அரங்கனாரின் 1915-ஆம் ஆண்டுக் குறுந்தொகைப் பதிப்பில் உள்ளதா, உ.வே.சாமிநாதையரின் 1937-ஆம் ஆண்டுப் பதிப்பில் உள்ளதா, இரண்டும் வேறுபடும் இடத்தில் ஒன்றை ஏன் தேர்ந்தீர்கள் என்று ஒரு மதிப்பீட்டாளர் கேட்கக்கூடும். அதற்கு விடை தேடி நூலகத்தில் நீங்கள் செலவிடும் நாட்கள் கட்டுரையை மட்டுமன்றி ஆய்வேட்டையும் செம்மையாக்கும். வாய்மொழித் தேர்வில் அதே வினா எழுந்தால் தடுமாற மாட்டீர்கள். பணம் கொடுத்து இந்த வாய்ப்பை இழப்பது எனக்குப் பெரும் இழப்பாகவே படுகிறது.

கட்டணம் வாங்கும் இதழ்கள் எல்லாமே போலி என்று நான் கூறவில்லை. எவரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிடும் தரமான இதழ்கள் சிலவும், மதிப்பீடு முடிந்து கட்டுரையை ஏற்ற பிறகு, கட்டணம் பெறுகின்றன. கட்டுரையைப் படிக்கும் முன்பே வெளியீட்டுக்கு உறுதி தருவதுதான் தவறு.

ஆய்வேட்டை ஒப்படைக்கும் முன் ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்ற கட்டாயத்தை மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிமுறைகள் நீக்கிவிட்டன. ஆயினும் சில பல்கலைக்கழகங்கள் அதைத் தம் விதியாக வைத்திருக்கக்கூடும் என்பதால், உங்கள் நெறியாளரிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். அவசரம் இல்லையென்றால், உங்கள் ஆய்வேட்டின் அடிக்குறிப்புகளில் எந்த இதழ்களை அடிக்கடி மேற்கோள் காட்டியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். கட்டுரை அனுப்ப வேண்டிய முகவரி அங்கேயே இருக்கிறது. ஒரு நேரத்தில் ஓர் இதழுக்கு மட்டும் அனுப்புங்கள். ஒருமுறை அந்த மூன்று நாள் இதழில் வந்துவிட்டால், அதே கட்டுரையைப் பின்னர் எந்த நல்ல இதழும் ஏற்காது. உங்கள் உழைப்பை அப்படி முடக்கிவிடாதீர்கள்.